எர்சிலியா தொட்டுப் பார்க்கும் சுவர்

உதட்டில் இரண்டு ஆணிகள். இடது கை மட்டக்கோலைச் சுவரில் அழுத்திப் பிடிக்க, வலது கை சுத்தியலால் ஒரே அடி. பிறகு அந்தக் கைகள் மரச்சட்டத்தைப் பிடித்து, தேன்மெழுகில் வார்த்த பெரிய பலகையைத் தூக்கி மாட்டின. மெழுகின்மேல் ஒரு விரல்கூடப் படவில்லை.

எர்சிலியா போர்தோனே ஆணிக் கடைக்காரரின் மகள். கலை எதையும் கல்லூரியில் படித்தவள் இல்லை. பார்த்துப் பார்த்தே கற்றவள். டூரினில் மூடிப்போன டயர்ப் பட்டறை ஒன்றை வெள்ளையடித்துக் கலைக்கூடமாக்கியிருந்தாள். பிற்காலத்தில் அவள் கைகாட்டியவற்றை வாங்க நியூயார்க்கிலிருந்து ஆள் வந்ததுண்டு. ஆனால் 1979 செப்டம்பரில் வந்தவர் பல் வைத்தியர் தேசியோ ஒருவர்தான். அவர் கேட்டது அந்த மெழுகுப் பலகையை.

அதைச் செய்த நேவியோ டயர் ஆலைத் தொழிலாளி. இதுவும் விற்காவிட்டால் இப்படிப் பலகை செய்வதையே விட்டுவிடுவதாக மனைவிக்கு வாக்குக் கொடுத்திருந்தான்.

அக்டோபர் பதினாறாம் தேதி எடுத்துக்கொள்வதாக டாக்டர் சொல்லிப் போனார். டூரினில் பதினைந்தாம் தேதிதான் எல்லாக் கட்டடங்களிலும், குளிருக்கு அறைகளைச் சூடாக்கும் வெப்பக் குழாய்களைத் திறந்துவிடுவார்கள். ஆறு மாதமாகச் சில்லென்று கிடந்த குழாய்க்கு நேர் மேலே ஆணியடித்திருந்ததை எர்சிலியா மறந்தே போனாள். மறுநாள் காலை கதவைத் திறந்தால், பலகையின் கீழ்ப்பாதி இளகித் தொங்கிக்கொண்டிருந்தது.

சற்று நேரத்தில் டாக்டரும் வந்துவிட்டார்.

“நல்லாத்தானே இருக்கு? முன்னைவிட உயிரோட இருக்கு.”

“இது நேவியோ பண்ணதில்லை டாக்டர். குழாய் பண்ணது.”

“அப்ப நீங்களே அழுத்தி நேராக்குங்க. யாருக்குத் தெரியப்போகுது?”

“நீங்க கட்டுற பல்லை உங்க வரவேற்பறைப் பொண்ணு ராவிவிட்டா ஒத்துக்குவீங்களா?”

டாக்டர் சிரித்துவிட்டார். “ஒரு வாரம் தர்றேன். அதுக்கு மேலன்னா மிலான்ல வேற ஒண்ணு பார்த்து வச்சிருக்கேன்.”

மதியம் ஆலை வாசலில் நின்று, வெளியே வந்த நேவியோவிடம் நேராகவே சொன்னாள்.

“தப்பு என்னுது. குழாய்க்கு மேல மாட்டிட்டேன். மெழுகு இறங்கிடுச்சு.”

அவன் நடையை நிறுத்தினான்.

“டயர்ப் பட்டறையில கடை போட்டிருக்கீங்க. சூடு என்ன பண்ணும்னு தெரியாதா சிஞோரா?”

“எனக்கு ஆணிதான் தெரியும்.”

“வீட்டுல சோளக்களி கிளறுற செம்புச் சட்டி இருக்கா?”

“இருக்கு. பெருசு.”

“அப்ப இந்தக் குளிர்காலம் உங்களுக்குக் களி கிடையாது.”

ஐந்து நாள், வேலை முடிந்ததும் நேவியோ அவள் சமையலறைக்கு வந்தான். செம்புச் சட்டியில் மெழுகு உருக, எர்சிலியா அடுப்பைப் பார்த்துக்கொண்டாள், தூசு வடிகட்டினாள். வார்ப்பது மட்டும் அவன். மூன்றாம் நாள் வார்த்ததில் குமிழி விழுந்தது. அதை உருக்கி மறுபடி வார்த்தான். ஐந்தாம் நாள் ஆறிய பலகையைப் பக்கவாட்டில் குனிந்து பார்த்தவன், “இது என்னுது” என்றான்.

இருவருமே அதை டாக்டர் வீட்டுக்குத் தூக்கிப் போனார்கள். டாக்டர் சோபாவுக்கு மேலே இடம் காட்டினார். எர்சிலியா அங்கே உள்ளங்கையை வைத்துக் காத்திருந்தாள்.

“பின்னாடி என்ன?”

“சமையலறைப் புகைபோக்கி.”

“இந்தச் சுவர் வேண்டாம்.”

அதன்பின் நாற்பது வருடம், வாங்குபவர் வீட்டுச் சுவரை இப்படித் தொட்டுப் பார்க்காமல் அவள் எதையும் கொடுத்ததில்லை. அன்று மூன்றாவதாகத் தொட்ட சுவர், வடக்குப் பக்கத்தது, சில்லென்றிருந்தது. ஆணி ஒரே அடியில் இறங்கியது. சட்டத்தின் ஒரு முனையை நேவியோவும் மறு முனையை அவளும் பிடித்து மாட்டினார்கள்.

எர்சிலியா இரண்டடி பின்னால் நகர்ந்து டாக்டருக்கு வழிவிட்டாள்.

“இனி உங்களுது.”