கியர் பாக்ஸுக்கு வைத்த பொட்டு

என் லாரியின் பழைய கியர் கம்பி நீளமானது. மூன்றாவது கியர் போட வேண்டுமென்றால் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரின் முழங்காலை விசாரித்துவிட்டு வர வேண்டும். அரியலூரில் சிமெண்ட் மூட்டை ஏற்றிப் பெரம்பலூர், குன்னம் கடைகளில் இறக்குவதுதான் என் பிழைப்பு. அந்தக் கம்பியோடு பல வருடம் நன்றாகத்தான் இருந்தேன். ஒருநாள் டீக்கடை வாசலில் இன்னொரு லாரிக்காரர் குட்டையான கியர் கம்பி ஒன்றை இரண்டே விரலால் தள்ளிவிட்டுக் கிளம்பியதைப் பார்த்தேன். அன்றிலிருந்து எனக்குத் தோள் வலிக்க ஆரம்பித்தது.

மெக்கானிக்கிடம் யோசனை கேட்டேன். “வண்டியோட வந்தது நல்லாத்தான இருக்கு, வெளிச் சாமான் எதுக்கு?” என்றார். அவருக்குப் பொறாமை என்று முடிவு செய்தேன். திருச்சியில் ஒரு கடையில் வாங்கிவந்து, செல்போனில் வீடியோ பார்த்து நானே மாட்டினேன். வீடியோ இந்தியில் இருந்தது. எனக்கு இந்தி தெரியாது. ஆனால் பேசியவர் முகத்தில் அவ்வளவு நம்பிக்கை இருந்ததால் எனக்கும் எல்லாம் புரிந்துவிட்டது.

மாட்டி முடித்ததும் பூஜை போட்டேன். கேபின் தரையில் இருக்கும் மூடியைக் கழற்றினால் கியர் பாக்ஸின் தலை தெரியும். புதுக் கம்பியோடு வந்த பளபளப்பான மேல்தட்டு அதன்மேல் உட்கார்ந்திருந்தது. ஓரத்தில் சுற்றிலும் போல்ட்டுகள், நடுவில் காளான் போல ஒரு சின்னக் குமிழ், குமிழின் உச்சியில் ஊசி நுழையும் அளவுக்கு ஒரு துளை. பொட்டு எங்கே வைக்க வேண்டும் என்று செய்தவனே புள்ளி வைத்துக் கொடுத்திருக்கிறான் என்று மெச்சிக்கொண்டேன். என் மனைவி கரைத்துக் கொடுத்த சந்தனத்தைத் தாராளமாக அப்பி, மேலே குங்குமமும் வைத்தேன்.

ரெட்டிபாளையம் பக்கத்தில் நான் லோடு ஏற்றும் ஆலையில் ஒரு வழக்கம் உண்டு. கேட்டில் நிற்கும் செக்யூரிட்டி ஒவ்வொரு வண்டிக்கு அடியிலும் ஒரு அட்டையைத் தள்ளிவிட்டுக் கொஞ்ச நேரம் காத்திருப்பார். அட்டையில் எண்ணெய் சொட்டினால் வண்டி உள்ளே போகக் கூடாது. மறுநாள் என் அட்டையில் சொட்டியது.

“தம்பி, ஒழுவுது.”

“தண்ணியா இருக்கும்ண்ணே.”

அவர் விரலால் தொட்டு முகர்ந்து பார்த்தார். “தண்ணி இந்த வாடை அடிக்காது. போயி சரி பண்ணிட்டு வாங்க.”

வீட்டு வாசலில் நிறுத்தினால் ஒரு சொட்டு விழாது. ஓடிச் சூடானால்தான் ஒழுகும். இதிலிருந்து ஏதாவது புரிந்திருக்க வேண்டும். எனக்குப் புரிந்ததெல்லாம் வண்டிக்கு அந்த செக்யூரிட்டியைப் பிடிக்கவில்லை என்பதுதான். மெக்கானிக்கிடம் போக முகமில்லை. மேல்தட்டைக் கழற்றி, ஒழுகலை அடைக்கும் பசையைத் தோசைக்கு மாவு ஊற்றுவதுபோல் ஊற்றி, திரும்ப முறுக்கினேன். செய்த வேலைக்கு மரியாதையாக மறுபடி சந்தனம், குங்குமம். தட்டில் ஒழுகுவது நின்றது. பின்பக்கம் எண்ணெயைத் தடுத்து நிற்கும் ரப்பர் வளையமான சீலில் ஒழுகியது. சீலை மாற்றினேன், பூஜை போட்டேன். முன்பக்கம் ஒழுகியது. எண்ணெய் வாடகைக்குக் குடியிருப்பவர் மாதிரி இடம் மாறிக்கொண்டே இருந்தது. யாரோ கண் வைத்துவிட்டார்கள் என்று தோன்றியதால் சந்தனத்தைக் கூட்டினேன்.

கடைசியில் செக்யூரிட்டி என்னைத் தனியாகக் கூப்பிட்டார். “இன்னொரு வாட்டி ஒழுவுனா உங்க கேட் பாஸை வாங்கிட்டு வேற வண்டி போடச் சொல்லிட்டாங்க தம்பி. என் கையில ஒண்ணும் இல்ல.”

அந்தப் பாஸ் போனால் எங்கள் வீட்டில் அடுப்பு எரிவதே சிரமம். இரண்டு விரலால் கியர் போட ஆசைப்பட்டதற்கு இரண்டு கையையும் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதுதான் என்று பயந்துபோனேன்.

மறுநாள் என் மனைவியும் வண்டியில் ஏறினாள். அரியலூரில் அக்கா வீட்டுக்குப் போகிறேன் என்றுதான் கிளம்பினாள். அரியலூர் வந்ததும் இறங்கவில்லை. “அக்கா எங்க போயிடப் போறா. கேட்டுல என்ன ஆவுதுன்னு பாத்துட்டுப் போறேன்” என்றாள். அவளுக்கும் பயம்தான்.

கேட்டுக்கு முன்னால் லாரிகள் வரிசையாக நின்றன. அடிக்கடி எட்டிப் பார்ப்பதற்காகத் தரை மூடியை நான் மாட்டாமலே விட்டிருந்தேன். அவள் குனிந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஏங்க, இந்தப் பொட்டு மூச்சு வுடுதுங்க.”

குனிந்து பார்த்தேன். காய்ந்த சந்தனத்தின் விரிசலில் எண்ணெய்க் குமிழி ஒன்று உப்புவதும் உடைவதுமாக இருந்தது. வளையலில் கோத்திருந்த ஊக்கைக் கழற்றிக் கொடுத்தாள். சந்தனத்தைக் குத்தி நோண்டினேன். ‘புஸ்’ என்ற சத்தத்தோடு எண்ணெயும் குங்குமமும் என் முகத்திலும் வெள்ளைச் சட்டையிலும் தெறித்தன.

கியர் பாக்ஸ் சூடானால் உள்ளே இருக்கும் காற்று விரியும். அது வெளியே போவதற்காக வைத்த மூச்சுத் துளை அது. நான் அதைப் பக்தியோடு அடைத்திருக்கிறேன். காற்று போக வழியில்லாமல், கிடைத்த சந்திலெல்லாம் எண்ணெயைத் தள்ளியிருக்கிறது. ஒவ்வொரு தடவை சரிசெய்ததும் நானே திரும்ப அடைத்திருக்கிறேன்.

குமிழையும், வண்டிக்கு அடியில் வழிந்திருந்ததையும் துணியால் துடைத்தேன். எங்கள் முறை வந்தது. செக்யூரிட்டி அட்டையைத் தள்ளினார். இன்ஜினை ஓடவிட்டே காத்திருந்தோம். அவள் என் சட்டைக் கையைப் பிடித்திருந்தது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அவர் அட்டையை இழுத்தார். புதுச் சொட்டு எதுவும் இல்லை. ஸ்டியரிங்கில் சாய்ந்துவிட்டேன்.

“எந்த மெக்கானிக் தம்பி பாத்தாரு?”

நான் முகத்தில் இருந்த குங்குமத்தைத் துடைத்தேன். கேபினுக்குள்ளிருந்து அவள்தான் சொன்னாள். “அடைச்ச ஆளே தொறந்துட்டாருண்ணே.”

அவருக்கு அது புரிந்ததோ என்னவோ, பழைய கறைகளோடு இருந்த அந்த அட்டையை ஜன்னல் வழியாக என்னிடமே நீட்டினார். “இத நீங்களே வச்சுக்குங்க. உங்க வண்டிக்கின்னே எடுத்து வச்சிருந்தேன்.”

லோடு ஏற்றிக்கொண்டு திரும்பினோம். அக்கா வீடு அவளுக்கு மறந்தே போயிருந்தது. நல்ல வெயில். பெரம்பலூர் வரும்வரை அவள் அந்த அட்டையால் விசிறிக்கொண்டே வந்தாள்.

“வெள்ளிக்கெழம சந்தனம் கரைக்கட்டுங்களா?”

நான் இரண்டு விரலால் மூன்றாவது கியருக்கு மாற்றினேன். அவள் அட்டையைத் திருப்பி, கறைப் பக்கம் என்னைப் பார்க்கும்படி பிடித்துக்கொண்டு, எனக்கும் கொஞ்சம் விசிறினாள்.