தம்பியின் முகம் பார்க்க வந்தவர்கள்

பாரிஸ் லாச்சப்பல் தமிழ்க் கடைக் கண்ணாடிகளில் வாழைப்பழ விலைக்குப் பக்கத்தில் மரண அறிவித்தல்கள் ஒட்டியிருக்கும். இறந்து ஒரு வாரமோ பத்து நாளோ கழித்துத்தான் தகனம் என்றிருக்கும். இங்கே பிறந்து வளர்ந்தவர்களுக்கு இது விளங்குவதில்லை. கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் சொந்தங்கள் வந்து முகம் பார்க்கும்வரை நாங்கள் உடலைக் குளிரறையில் வைத்திருப்போம். ஊரில் மறுநாளே சுடலைக்குக் கொண்டுபோனவர்கள்தான் நாங்களும்.

என் தம்பி ரவிக்கு ஈரலில் புற்றுநோய். இனி மருந்தில்லை என்று சொல்லிவிட்டார்கள். அதன்பின் ஒருநாள், தன்னை எரிக்க வேண்டாம் என்றான். உடலை உறையவைத்துக் காக்கும் இடமொன்று அயல்நாட்டில் இருக்கிறதாம். மருத்துவம் வளர்ந்தால் என்றோ ஒருநாள் எழுப்பினாலும் எழுப்புவார்களாம். பிரெஞ்சுச் சட்டம் இதற்கு இடங்கொடாது. ஆகவே மூச்சிருக்கும்போதே அங்கே போய்விட வேண்டும். குடும்பம் குறுக்கே நிற்காது என்று நான் சம்மதிக்கவும் வேண்டும். அவன் மணமாகாதவன், தாய் தகப்பனும் இல்லை. கொள்ளி வைக்க உரித்தானவன் நான்தான்.

“அக்கா கனடாவிலையிருந்து வந்து முகம் பாக்கட்டும். பிறகு கொண்டுபோகட்டும்” என்றேன், ஏதோ பெரிதாக விட்டுக்கொடுத்தவன் மாதிரி.

“அண்ணை, மூச்சு நிண்ட உடனை குளிராக்கோணும். ஒருத்தருக்காகவும் காத்திருக்கேலாது.”

அதனால் முகம் பார்ப்பதை முன்னுக்கு எடுத்தோம். ஒரு ஞாயிறு, பாரிஸ் புறநகர் ஸ்தேனிலுள்ள என் வீட்டுக்கு எல்லோரும் வந்தார்கள். ரவி சாய்கதிரையில் இருந்தபடி ஒவ்வொருவரோடும் கதைத்தான். ஊசி போட வந்த பிரெஞ்சுத் தாதி பட்டுச் சேலைகளைப் பார்த்துவிட்டு, பிறந்தநாளா என்று கேட்டாள். “வுய்” என்று ஆமோதித்தான் அவன். அவள் அவன் கன்னத்தில் முத்தமிட்டு வாழ்த்திவிட்டுப் போனாள். இறந்தவரின் காலடியில் இருந்து அழுதே பழகிய எங்களுக்கு, உயிரோடு இருப்பவனிடம் என்ன சொல்வதென்று தெரியவில்லை.

அக்காதான் கேட்டாள்: “நீ எழும்பேக்கை நாங்கள் ஒருத்தரும் இருக்கமாட்டம். அங்கை உன்னைக் கூப்பிட ஆர் வருவினம்?”

“அண்ணை இஞ்சை வந்து இறங்கேக்கை ஆர் வந்தது?” என்றான் ரவி. “பிறகு நாங்கள் எல்லாரும் வந்தனாங்கள்தானே.”

கார் து நோர் ரயில் நிலையத்தில் நான் குளிரில் நின்ற அந்த விடியலில், இந்த நகரத்தில் என் பெயர் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. நாடு மாறியதையே பெரும்பயணம் என்று இத்தனை காலமாகக் கதைகளில் எழுதிவந்தவன் நான். தம்பி போகப்போவது அதைவிடத் தூரம். ஓம், போய் வா என்றேன்.

கொள்ளிக்கு உரிய என் வலது கையை அவன் பிடித்துக்கொண்டான். அக்கா என் மற்றக் கையைப் பிடித்தாள், என்னை ஊருக்குக் கூட்டிப்போக வந்தவள் மாதிரி.