பதினேழு பேரைச் சாய்த்தவர்

ஐப்பசி மழை சடசடவென்று பிடித்துக்கொண்டதும், துணிக்கடைக் காவல்காரர் சுந்தரபாண்டியன் தன் பட்டாளத்து மழைக்கோட்டைக் கழற்றினார். பக்கத்தில் பூ விற்கும் காளீஸ்வரியின் கூடையை அதனால் மூடிவிட்டு, தொப்பலாக நனைந்து நின்றார்.

"ஏண்ணே இப்படி?"

"சியாச்சின்ல பாக்காத மழையா தாயி?"

அங்கே பெய்வது பனி என்று அவளுக்கு யார் சொல்வது!

ராஜபாளையத்திலிருந்து முதல் பஸ்ஸில் ஸ்ரீவில்லிபுத்தூர் தேரடிக்கு வந்துவிடுவார். ஆண்டாள் கோபுரத்தைக் கும்பிடமாட்டார். விறைப்பாக ஒரு சல்யூட். தாயாரும் இத்தனை வருஷமாக அதை ஏற்றுக்கொண்டுதான் இருக்கிறாள். கடைமுன் பைக்கை நிறுத்தினால் "ஹால்ட்!" என்பார். அவர் ஊர்ப் பெயர் கொண்ட வெள்ளை நாய் வந்தால் மட்டும் கடைக்குள் ஏதாவது வேலை வந்துவிடும்.

முழங்கையில் ஒரு தழும்பு. "குண்டு உரசிட்டுப் போச்சு. அன்னைக்கிப் பதினேழு பேரு காலி."

"போன ஆடியில பன்னெண்டுன்னீக?" என்பார் டீக்கடை காதர்.

"அஞ்சு பேரு குத்துயிரா கெடந்தானுக காதரு. பொறவு போயிட்டானுகளாம். லெட்டர் வந்துச்சு."

இதையெல்லாம் கேட்டுக் கேட்டுக் காளீஸ்வரி தினமும் ஆண்டாளுக்கு ஒரு முழம் பூ கூடுதலாகக் கட்டினாள். அவள் மகன் முத்துப்பாண்டி பட்டாளத்தில் சேர்ந்திருந்தான். லீவு முடிந்து தேரடியில் மதுரை பஸ் ஏற வந்த காலையில், அவன் பெட்டியை அவள் விடவே இல்லை.

"இந்த மாமா சொன்ன சண்டைக்கா ஒன்னய அனுப்புவேன்? பூக்கட்டிக் கஞ்சி குடிப்போம்ல."

"சொன்ன தேதிக்குப் போகலன்னா வேல போயிரும்மா!"

பஸ் உறுமியது. சுந்தரபாண்டியன் மீசையைத் தடவினார். டீ குடிக்கிறவர்களை ஒருமுறை பார்த்தார். தொண்டையைக் கனைத்தார்.

"தாயி, பெட்டிய விடு. நான் இருவது வருசமும் சமையக்கட்டுலதான் இருந்தேன். ஒரு வெடிச்சத்தம் கேட்டதில்ல. இந்தத் தழும்பு, கொதிக்கிற பருப்பு கொட்டுனது."

காதர் ஆற்றிய டீ கிளாஸுக்குத் தப்பி அவர் காலிலேயே கொட்டியது. காளீஸ்வரி சுந்தரபாண்டியனையே பார்த்தாள். அழுதுகொண்டிருந்தவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. பிடி தளர்ந்தது. மகன் தாவி ஏறினான்.

பஸ் நகர, சுந்தரபாண்டியன் கூடவே ஓடி ஜன்னல் வழியாக ஒரு பொட்டலத்தைத் திணித்தார்.

"ஏலே, இட்லிப்பொடி! பசிச்சா சமையக்கட்டுல எம் பேரச் சொல்லு, ரெண்டு சப்பாத்தி சேத்துப் போடுவானுக. அந்தப் பதினேழு பேர மட்டும் அங்க விசாரிச்சிராத!"