டோரதி, 1967

மலைக்கோட்டை இல்லாத ஓவியக் கண்காட்சி எதையும் டோரதி பார்த்ததில்லை. மன்னார்புரம் பக்கத்துப் பூங்காவில் இருக்கும் ஓவியக்கூடத்துக்கு அவள் காவலுக்கு வந்து ஒன்பது வருஷமாகிறது. நீர்வண்ணம், எண்ணெய் வண்ணம், காபித்தூளில் வரைந்தது, பள்ளிப் பிள்ளைகள் க்ரேயானில் தீட்டியது என்று மாதத்துக்கு ஒன்று மாறும். மலைக்கோட்டை மட்டும் ஏதாவது ஒரு மூலையில் நின்றுகொண்டிருக்கும். உள்ளே வருகிறவர்களில் பாதிப் பேர் நடைப்பயிற்சி முடித்து மின்விசிறிக் காற்றுக்காக வருகிறவர்கள். அவர்களிடம் தொடாதீங்க என்று சொல்வது அவள் வேலை. ஓவியங்களைப் பற்றி அவளுக்குப் பெரிதாகக் கருத்து எதுவும் கிடையாது. நல்ல படத்துக்கும் மோசமான படத்துக்கும் ஒரே ஆணிதான் அடிக்கிறார்கள் என்பதை மட்டும் கவனித்திருந்தாள்.

போன ஜூலையில் முதன்முறையாக ஒரு புகைப்படக் கண்காட்சி வந்தது. ஸ்ரீரங்கத்திலிருந்து பீமராவ் என்பவர் நடத்தினார். அவருடைய அப்பா பாலக்கரையில் நாற்பது வருஷம் போட்டோ ஸ்டுடியோ வைத்திருந்தவர். ஸ்டுடியோ மூடியபிறகு பெட்டிகளில் கிடந்த பழைய நெகட்டிவ்களை மகன் பெரிய அளவில் பிரிண்ட் போட்டு எழுபது படங்களாகக் கொண்டுவந்திருந்தார். ஒவ்வொரு படத்தின் கீழும் ஸ்டுடியோ டைரியில் இருந்தபடி பெயரும் வருஷமும். வாசல் பக்கத்துச் சுவர்களில் கல்யாண ஜோடிகள், ஃபுட்பால் டீம்கள், பட்டம் வாங்கியவர்கள். உள்சுவரில் பத்தொன்பது குடும்பப் படங்கள். அந்தச் சுவருக்கு மேலே மாட்டவேண்டிய போர்டு மட்டும் அச்சகத்திலிருந்து வரவில்லை. இரண்டொரு நாளில் வந்துவிடும் என்று சொல்லிவிட்டு அவர் பஸ் ஏறினார்.

உள்சுவரில் ஏழாவது படத்தில் டோரதியின் அப்பாவும் அம்மாவும் இருந்தார்கள்.

அச்சகத்தில் எழுத்துக் கோத்த அப்பா ஜேக்கப்பை அந்த ஒல்லிக் கழுத்தை வைத்தே கண்டுபிடித்துவிட்டாள். அம்மா அமலோற்பவம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒன்றரை வயதுப் பெண்குழந்தை, லேஸ் வைத்த வெள்ளை கவுனில். கீழே ‘டோரதி, 1967’ என்று அச்சடித்திருந்தது.

வீட்டில் அவளுடைய குழந்தைப் பருவப் படம் ஒன்றுகூடக் கிடையாது. கோயிலில் முதல் நற்கருணை, புதுநன்மை வாங்கியபோது வரிசையில் நின்று எடுத்ததுதான் முதல் படம். அதிலும் முன்னால் நின்றவளின் தலைமுக்காடு பாதி முகத்தை மறைத்துவிட்டது. இப்போது ஐம்பத்தொன்பது வயதில் சுவரில் தன்னைக் கண்டதும் அவளுக்குக் கொஞ்சம் வெட்கமாகக்கூட இருந்தது. மொபைலில் படமெடுத்து, துவாக்குடியில் வேலை பார்க்கும் மகள் ஷெர்லினுக்கு அனுப்பினாள். என்னம்மா இந்த முழி முழிக்கிறே என்று பதில் வந்தது.

அன்றிலிருந்து நாற்காலியை வாசலிலிருந்து எடுத்து அந்தப் படத்துக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டாள். ஒன்பது வருஷமாகத் தொடாதீங்க என்பதைத் தவிர எதுவும் சொல்லாதவள், வருகிறவர்களிடம் பேச ஆரம்பித்தாள். இது நான்தாங்க என்பாள். அவர்கள் படத்தையும் அவளையும் மாறி மாறிப் பார்ப்பார்கள். அந்தப் படத்தில் ஒரு விசேஷம் இருந்தது. அதைச் சொல்லாமல் அவள் யாரையும் விடுவதில்லை. அப்பாவின் கை லேசாகக் கலங்கித் தெரிந்தது. அம்மாவின் உதடும் அப்படித்தான். குழந்தை மட்டும் கத்தரித்து ஒட்டியதுபோல அத்தனை தெளிவு.

"பெரியவங்க ரெண்டு பேருமே ஆடிட்டாங்க. நான் எப்படி ஆடாம அசையாம உக்காந்திருக்கேன் பாருங்க" என்பாள்.

சுராயா என்ற இளம்பெண் இரண்டாம் நாள் வந்தாள். பூங்காவுக்கு எதிரே மருந்துக்கடையில் வேலை. டோரதியைப் படத்துக்குப் பக்கத்தில் நிற்கவைத்து போட்டோ எடுத்தாள். தன் அம்மாவுக்கு இந்த மாதிரிப் பழைய படங்கள் என்றால் உயிர், ஞாயிற்றுக்கிழமை கூட்டிவருகிறேன் என்றாள். போகும்போது திரும்பி ஒருமுறை பார்த்தாள்.

"மூக்கு, நெத்தி எல்லாம் உங்களுதுதான் அக்கா. கண்ணு மட்டும் உங்களுது இல்லை."

மதியத்தில் பூங்காவில் ஆளிருக்காது. மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்கும். அந்த நேரங்களில் டோரதிக்கு அந்தச் சுவரைப் பார்த்து உட்காரப் பிடிக்கவில்லை. முதுகைக் காட்டி உட்காரவும் பிடிக்கவில்லை. ஏன் என்று அவளால் சொல்ல முடியவில்லை. ஒருமுறை எழுந்து பத்தொன்பது படங்களையும் வரிசையாகப் பார்த்தாள். எல்லாப் படத்திலும் யாரோ ஒருவர் மட்டும் மிகத் தெளிவாக இருந்தார். ஒன்றில் கிழவர், ஒன்றில் தாவணிப் பெண், ஒன்றில் தொப்பி போட்ட பையன். சுற்றியிருந்தவர்கள் எல்லோரும் கொஞ்சம் கொஞ்சம் அசைந்திருந்தார்கள். தன் படத்துக்கு வந்தபோது அம்மாவின் இடது கை கண்ணில் பட்டது. அது குழந்தையை அணைத்திருக்கவில்லை. பின்னங்கழுத்தைத் தாங்கிப் பிடித்திருந்தது. லேஸுக்கு மேலே இரண்டு விரல் நுனி தெரிந்தது. தலை நிற்காத கைக்குழந்தையை அப்படிப் பிடிப்பார்கள். இது ஒன்றரை வயதுக் குழந்தை.

நான்காம் நாள் போர்டு வந்தது. பீமராவ் செய்தித்தாளில் சுற்றி எடுத்துவந்து, ஏணியில் ஏறி மாட்டினார். ‘கடைசிப் படங்கள்’ என்று பெரிய எழுத்து. கீழே நான்கு வரி. உயிரோடு இருந்தபோது படமே எடுக்காமல் ஒருவர் இறந்துபோனால், அடக்கத்துக்கு முன்னால் ஸ்டுடியோக்காரரை அழைத்து, உட்காரவைத்து, குடும்பத்தோடு ஒரு படம் எடுத்துக்கொள்வது அப்போது வழக்கமாக இருந்தது என்று எழுதியிருந்தது.

டோரதி இரண்டு தடவை படித்தாள். ஏழாவது படம் எப்படி இதில் வந்தது என்று கேட்டாள். அவர் ஏணியிலிருந்து இறங்காமலே, ஏன் அப்படிக் கேட்கிறீர்கள் என்றார். அது நான் என்று அவள் சொன்னாள். அவர் இறங்கிவிட்டார்.

டைரியில் தப்பு நேர்ந்திருக்கலாம் என்று அவர் மெதுவாகச் சொன்னார். பிறகு பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்து, கொஞ்சம் தயங்கி, அவள் கையில் கொடுத்தார். அப்பா அம்மா கண்களில் வெளிச்சப் புள்ளி எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்க்கச் சொன்னார். இடது பக்கம் இருந்தது. குழந்தையின் கண்களில் வலது பக்கம்.

"ஜன்னல் ஒண்ணுதாம்மா. வெளிச்சம் ரெண்டு பக்கமும் வராது. கண்ணு மூடியிருக்கும்போது எடுத்து, அப்புறம் எங்க அப்பா நெகட்டிவ்ல பென்சிலால கண்ணு எழுதுவார்."

டோரதி பூதக்கண்ணாடியைத் திருப்பிக் கொடுத்தாள். வரைந்த கண் என்று தெரிந்த பிறகும் அது பார்ப்பதை நிறுத்தவில்லை.

உயிரோடு இருப்பவரைச் செத்தவர் சுவரில் மாட்டியது பீமராவுக்குச் சங்கடமாகப் போய்விட்டது. நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் படத்தைக் கழற்றி வாசல் சுவருக்கு மாற்றிவிடுகிறேன், ஃபுட்பால் டீமுக்குப் பக்கத்தில் இடமிருக்கிறது என்றார். ஞாயிற்றுக்கிழமை நிறையப் பேர் வருவார்கள், அதற்குள் சொன்னால் போதும். "அது யாருங்கறதை நீங்கதாம்மா சொல்லணும். டைரி எழுதினவர் இப்ப இல்லை. படத்துல இருக்கறவங்களும் இல்லை."

மறுநாள் மதியம் டோரதி கூடத்தைப் பூட்டிவிட்டு பஸ் பிடித்துப் பாலக்கரையில் தன் பங்குக் கோயிலுக்குப் போனாள். அங்கே உபதேசியார் தைரியராஜ் அவளைவிடப் பத்து வயது சின்னவர். பதிவேடுகள் அவர் பொறுப்பில் இருந்தன. இந்த வயதில் ஞானஸ்நானச் சான்றிதழ் எதற்கு, மறுபடி மாப்பிள்ளை பார்த்திருக்கிறார்களா என்று கேட்டுக்கொண்டே 1965-இல் தொடங்கும் புத்தகத்தை விரித்தார். ஜேக்கப், அமலோற்பவம் மகள் டோரதி மேரி, நவம்பர் மாதம். கல்யாணம் நடந்தால் அதை ஞானஸ்நானப் பதிவின் ஓரத்தில் குறித்துவைப்பது கோயில் வழக்கம். ஓரத்தில், 1989-இல் ரெஜிஸுடன் திருமணம் என்று வேறு மையில் எழுதியிருந்தது.

"இதோ பத்திரமா இருக்கீங்களே" என்றார் தைரியராஜ்.

அடக்கப் புத்தகத்தையும் பார்க்கவேண்டும் என்றாள் டோரதி. அவர் சிரித்துக்கொண்டேதான் எடுத்தார். 1967, ஏப்ரல் பக்கத்தில் அவருடைய விரல் நின்றது. ஜேக்கப், அமலோற்பவம் மகள் டோரதி மேரி, வயது பதினேழு மாதம், காய்ச்சல். மின்விசிறிக் காற்றில் பக்கம் எழும்பியது. அதை உள்ளங்கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டார். பிறகு, கேட்காமலே, ஞானஸ்நானப் புத்தகத்தில் அடுத்த பக்கங்களைத் திருப்பிக்கொண்டு போனார். 1967 டிசம்பர் கடைசியில் அதே ஜேக்கப், அதே அமலோற்பவம். மகள் பிலோமினா. ஓரம் காலியாக இருந்தது. கல்யாணமும் இல்லை, வேறு எந்தக் குறிப்பும் இல்லை. இது யார், உங்கள் தங்கையா, வேறு ஊருக்குப் போய்விட்டார்களா என்று தைரியராஜ் கேட்டார்.

"எங்கயும் போகலை. இங்கதான் இருக்கா" என்றாள் டோரதி.

பள்ளியில் அவள் எப்போதும் வகுப்பிலேயே குள்ளம். இரண்டு வயது கூடச் சொல்லிச் சேர்த்ததுபோல் இருக்கிறதே என்று ஒரு சிஸ்டர் வேடிக்கையாகச் சொன்னது உண்மையாக இருந்திருக்கிறது. அக்காவின் சான்றிதழைக் காட்டித்தான் அப்பா சேர்த்திருக்கிறார். அம்மாவின் வாயில் வேறு பெயர் வரவில்லை போலும். அந்தப் பெயருக்கு ஒரு காகிதமும் கைவசம் இருந்தது. அதே காகிதத்தைக் காட்டித்தான் அவள் கல்யாணமும் செய்துகொண்டாள். புத்தகப்படி பார்த்தால் செத்தவள் வளர்ந்து, படித்து, ரெஜிஸைக் கட்டி, அவரைப் பறிகொடுத்துமிருக்கிறாள். உயிரோடு இருக்கிற பிலோமினா, தலையில் தண்ணீர் ஊற்றிய அன்றோடு நின்றுவிட்டாள்.

எழுதிக்கொடுத்தால் ஃபாதர் திருத்திவிடுவார் என்று தைரியராஜ் சொன்னார். டோரதி மேரி பேரில் இருக்கும் கல்யாணத்தை அடித்துவிட்டு, பிலோமினா பேருக்குப் பக்கத்தில் எழுதவேண்டியதுதான். டோரதி யோசித்துச் சொல்வதாகக் கிளம்பினாள். அடித்துவிட்டால் செத்தவளுக்கு என்ன மிஞ்சும் என்று பஸ்ஸில் கணக்குப் பார்த்தாள். பதினேழு மாதம். அதற்குச் சாட்சி ஒரே ஒரு படம். அந்தப் படத்தைத்தான் நான்கு நாளாக, நான் நான் என்று சொல்லி அவள் எடுத்துக்கொண்டிருந்தாள்.

அம்மாவைப் பற்றிப் புதிதாக எதுவும் தெரியவேண்டியிருக்கவில்லை. தெரிந்தவையே இடம் மாறி உட்கார்ந்தன. தூங்கும்போது அம்மா தன் மூக்கின் கீழ் விரல் வைத்துப் பார்த்தது எல்லா அம்மாக்களும் செய்வது என்று நினைத்திருந்தாள். சின்ன வயதில், டோரதி என்று அம்மா கூப்பிட்டதும் ஓடிப்போய் முன்னால் நிற்பாள். அம்மா அவளைத் தாண்டி வாசலைப் பார்ப்பாள், இன்னும் யாரோ வரவேண்டும் என்பதுபோல.

சனிக்கிழமை போனில் ஷெர்லினிடம் எல்லாவற்றையும் சொன்னாள். முன்பக்கத்துச் சுவருக்கே மாற்றிவிடச் சொல் என்றாள் மகள். அறுபது வருஷம் ஆகப்போகிறது, இனி யார் வந்து கேட்கப்போகிறார்கள்? "நீயே இருந்துட்டுப் போம்மா. அதுக்குத் தெரியவா போகுது?"

ஞாயிற்றுக்கிழமை காலை பீமராவ் சுத்தியலோடு வந்தார். வாசல் சுவரில் ஆணிக்கு இடம்கூடப் பார்த்து வைத்திருந்தார். படம் இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும் என்றாள் டோரதி. பெயருக்குக் கீழே மட்டும் பதினேழு மாதம் என்று சேர்க்கச் சொன்னாள். அவர் பேனாவை எடுத்தார், எழுதவில்லை.

"உங்க பேரும் அதுதானேம்மா. கீழே போட்டுட்டா பார்க்கறவங்க என்ன நினைப்பாங்க?"

"எனக்குப் புத்தகத்துல இன்னொரு பேரு இருக்குது சார். அவளுக்கு இது ஒண்ணுதான்."

பதினொரு மணிக்குக் கூட்டம் சேர்ந்தது. சுராயா தன் அம்மாவைக் கையைப் பிடித்து அழைத்துவந்தாள். இவங்கதான்மா, நான் சொன்னேனே என்று டோரதியைக் காட்டி நேரே ஏழாவது படத்துக்கு நடந்தாள். அங்கே போர்டைப் படித்தாள். மையில் சேர்த்திருந்த வரியைப் படித்தாள். திரும்பி டோரதியைப் பார்த்தபோது ஒரு அடி பின்னால் வைத்திருந்தாள். அது அவளுக்கே தெரிந்திருக்காது.

"அன்னிக்கு நீங்கன்னு சொன்னீங்களே அக்கா."

"தப்பாச் சொல்லிட்டேன். அது எங்க அக்கா."

அந்தச் சொல்லை அவள் வாழ்க்கையில் யாரையும் உறவாகச் சொல்லிப் பழகியதில்லை. பல் முளைத்து முடியாத குழந்தையைப் பார்த்துச் சொன்னது அங்கிருந்தவர்களுக்கு எப்படிக் கேட்டதோ. சுராயாவின் அம்மா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு வாய்க்குள் துஆ ஓதினார். முடித்ததும் இயல்பாக, அப்போ உங்க பேரு என்னம்மா என்று கேட்டார்.

டோரதி படத்தைப் பார்த்தாள். பிறகு வேறெங்கும் பார்க்காமல் சொன்னாள்.

"பிலோமினா."

நல்ல பேரு என்று அந்த அம்மாள் மற்றப் படங்களைப் பார்க்க நகர்ந்தார். டோரதி நாற்காலியில் உட்கார்ந்தாள். சற்று நேரத்தில் சுவரின் கடைசியிலிருந்து ஒரு குரல், பிலோமினாம்மா, இந்தத் தாவணிப் பொண்ணு யாரு என்று கேட்டது. டோரதி கைகளை மடியில் வைத்தபடி வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். யாரையோ கூப்பிடுகிறார்கள் என்றுதான் இருந்தது. இரண்டாம் முறை கூப்பிட்டபோதுதான் அவள் எழுந்தாள்.