தனக்கொடியின் சலாதுப் பாத்தி

சோரியாங்குப்பத்தில் தனக்கொடியின் தோட்டத்தைத் தாண்டிப் போகிறவர்கள் முதலில் மூக்கைப் பொத்துவார்கள். பிறகு கத்தரிக்காயைப் பார்த்துப் பொறாமைப்படுவார்கள். இரண்டுமே அவளுக்குப் பெருமைதான். மற்றவர்கள் சாணியைக் குழியில் கொட்டி மாதக்கணக்கில் மக்க வைப்பார்கள். அதைச் சோம்பேறிகளின் வேலை என்பாள். காலையில் மாடு போட்டது சாயங்காலம் பாத்திக்குப் போய்விட வேண்டும். பறிப்பதற்கு முதல் நாள் பச்சைச் சாணியைத் தண்ணீரில் கரைத்துச் செடியின் தலையிலேயே ஊற்றுவாள். இலை கறுகறுவென்று நிற்கும்.

நாற்பது வருஷமாக யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. எப்படி ஆகும்? கத்தரிக்காயானாலும் முளைக்கீரையானாலும் கொதிக்கிற சட்டிக்குள் போய் வந்துதான் வாய்க்கு வரும். பாராட்டு அடுப்புக்குப் போயிருக்க வேண்டும். தனக்கொடி வாங்கிக்கொண்டாள்.

புருஷன் செத்த பிறகு அந்தத் தோட்டத்தை வைத்துத்தான் மகள் கஸ்தூரியை வளர்த்தாள். பிரெஞ்சுக்காரன் போன இரண்டாம் வருஷம் கார்த்திகையில், கஸ்தூரிக்கு வில்லியனூரிலிருந்து வரன் வந்தது. மாப்பிள்ளை செல்லப்பன் கொம்யூன் என்கிற ஊராட்சி ஆபீசில் குமாஸ்தா. அவன் அப்பா அரிகிருஷ்ணன் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாகச் சேர்ந்து சைகோனில் பதினைந்து வருஷம் துப்பாக்கி தூக்கியவர். பிரான்சைக் கண்ணால் பார்த்ததில்லை. ஆனாலும் வேக வைக்காமல் பச்சையாகத் தின்னும் சலாதுக் கீரை இல்லாமல் தொண்டையில் சோறு இறங்காது என்பார்.

பெண்ணைப் பிடித்துவிட்டது. எங்கள் பக்கத்தில் பேச்சு முடிந்த பிறகுதான் பெண் வீட்டில் கை நனைப்பார்கள். நனைத்துவிட்டால் பின்வாங்கக் கூடாது. அந்தச் சாப்பாட்டைத் தையில் வைத்துக்கொள்வது என்று முடிவானது. தரகர் சின்னதம்பி பட்டணத்திலிருந்து சலாது விதை கொண்டுவந்து கொடுத்தார். தனக்கொடி தன் வித்தை முழுவதையும் அந்தப் பாத்தியில் இறக்கினாள்.

சாப்பாட்டுக்கு முதல் நாள் அவள் சாணிக் கரைசலோடு நின்றாள். ஊர் ஊராகத் திரிந்துவிட்டு அப்போதுதான் திரும்பியிருந்த நான் பக்கத்து வீட்டிலிருந்து கேட்டேன்.

“இன்னா பெரிம்மா, வேக வைக்காம துன்ற எலைக்குமா சாணி ஊத்துற?”

“சுத்துன கழுதைக்கு இன்னாடி தெரியும் வெள்ளாம? கொளத்துல ரெண்டு முக்கு முக்குனா போச்சு.”

குளத்தில் எருமைகள் கிடந்தன. மறுநாள் பறித்த இலையை அவற்றுக்கு நடுவேதான் முக்கினாள்.

பந்தியில் அரிகிருஷ்ணன் சலாதில் காடி விட்டு, உப்புப் போட்டுப் புரட்டி, கண்ணை மூடிக்கொண்டு மென்றார். “த்ரே பியேன்!” என்றார். பிரமாதம் என்று அர்த்தமாம். கூட வந்த இரண்டு பங்காளிகளும் நாகரிகம் குறைந்துவிடக் கூடாதென்று மென்றார்கள். சம்பந்தி வற்புறுத்தியதால் தனக்கொடியும் இரண்டு இலை தின்றாள். செல்லப்பன் மட்டும், “ஆட்டுக்குப் போடுங்க” என்று ஒதுக்கிவிட்டான்.

மூன்றாம் நாள் சின்னதம்பி முகம் தொங்க வந்து சேர்ந்தார்.

“சொல்தா சொம்பும் கையுமா அலையிறாரும்மா. பங்காளிங்க ரெண்டு பேருக்கும் அதே கதை. கை நனைச்ச நாள்லயே இப்பிடி ஆச்சே, பொண்ணு ராசி சரியில்லன்னு பேசிக்கிறாங்க.”

சுவரைப் பிடித்துக்கொண்டு புழக்கடையிலிருந்து வந்த தனக்கொடி, “திஷ்டி. மொளகா சுத்திப் போட்டா போயிடும்” என்றாள். அன்று அது அவளுக்கு ஏழாவது நடை.

ராசி கெட்டவள் என்று ஒரு தடவை பேர் வந்துவிட்டால் பாகூரிலிருந்து கரியமாணிக்கம் வரைக்கும் ஒருவன் எட்டிப் பார்க்க மாட்டான். கஸ்தூரிக்கு அது தெரியும்.

“ராசியும் இல்ல, திஷ்டியும் இல்ல. சாணி. கொழம்பு நானுந்தான் துன்னேன், எனக்கு இன்னா ஆச்சு? பச்ச எலையத் தொடாத மாப்பிள்ளைக்கு இன்னா ஆச்சு? நீயே போயி சொல்லும்மா.”

“சம்பந்திக்குச் சாணி போட்டேன்னு எவ வாயால சொல்லுவாடி? எந் தோட்டத்து மானம் இன்னா ஆவுறது?”

“அப்போ எம் மானம்?”

தனக்கொடி நாற்பது வருஷப் பேரை ஒரு பக்கமும் பெற்ற பெண்ணை ஒரு பக்கமும் வைத்துப் பார்த்திருப்பாள். மறுநாள் காலை என் தோளைப் பிடித்துக்கொண்டு வில்லியனூருக்கு பஸ் ஏறினாள்.

அரிகிருஷ்ணன் வயிற்றைக் கட்ட ஆரோட்டு மாவுக் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். தனக்கொடி உட்காரக்கூட இல்லை.

“சம்பந்தி, எம் பொண்ணு ராசியில ஒரு கொறையும் இல்ல. நாந்தான் மொத நாளு அந்த எலை மேல பச்ச சாணிய ஊத்துனேன்.”

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். வீட்டில் இருந்தவர்கள் சுற்றிக் கூடினார்கள்.

“இன்னா சாணி?”

“எங்க வூட்டு செவலப் பசுவுது.”

“எரும இல்லியே?”

“சத்தியமா இல்லீங்க.”

சொல்தாவின் முகம் தெளிந்தது. “அப்போ தோஷமே இல்ல. பஞ்சகவ்யத்துலயே சேக்குறாங்களே!” கூடியிருந்தவர்களெல்லாம் தலையாட்டினார்கள். மூன்று நாளாக அவர் குடல் சொன்ன சாட்சியை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. குளத்து எருமைகளைப் பற்றிச் சொல்ல நான் வாயைத் திறந்தேன். தனக்கொடி என் தொடையில் நறுக்கென்று கிள்ளினாள்.

“கல்யாணத்துல எல்லா எலைக்கும் சலாது போட்டுடுங்க” என்றார் அரிகிருஷ்ணன்.

“போடுறேன். ஆனா கூட்டு வச்சுத்தான் போடுவேன்.”

“சலாதுல கூட்டா? பிரெஞ்சுக்காரன் கேட்டா சிரிப்பான்!”

“சிரிக்கட்டும். அவன் கப்பலேறிட்டான். இனிமே எந் தோட்டத்துல வெளஞ்சது எஞ்சட்டியத் தாண்டித்தான் எலைக்கு வரும்.”

மாசியில் கல்யாணம் நடந்தது. அரிகிருஷ்ணன் முகத்தைச் சுளித்தபடியே கூட்டை மூன்று முறை கேட்டு வாங்கிக்கொண்டார். ஒருவருக்கும் வயிறு கலங்கவில்லை. எல்லாம் மருமகள் வந்த ராசி என்று அவரே வில்லியனூர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார்.