சொல்லாமல் கொடுத்த விடுப்பு

மலேசியாவின் பூச்சோங்கில் ஹோட்டல் துணிகளை வெளுக்கும் டோபித் தொழிற்சாலையில் தாமரைக்கும் ஷபானாவுக்கும் ஒரே வேலை. ஈரப் படுக்கை விரிப்பை ஆளுக்கொரு முனையாகப் பிடித்து, சுடும் இஸ்திரி உருளைக்குள் விட வேண்டும். ராமநாதபுரத்திலிருந்து வேலை பெர்மிட்டில் வந்திருந்த ஷபானா, தாமரையை வாய் நிறைய அக்கா என்பாள்.

தாமரையின் கணவர் ஜெயராஜுக்குச் சிறுநீரகம் கெட்டுப்போனது. டயாலிசிஸுக்குக் கூட்டிப்போக வேறு ஆளில்லை. முதலாளி கமலநாதனிடம் போய் அழுதாள்.

"டயாலிசிஸ் நாள்ல மதியமே கெளம்பு. சம்பளத்துல கை வைக்க மாட்டேன்," என்றார் அவர். "ஆனா யார்கிட்டயும் மூச்சு விடாதே லா. அப்புறம் ஆளாளுக்கு லீவு கேட்டு வந்து நிப்பாங்க."

தாமரை கும்பிட்டாள். அவர் சொன்னபடியே வாயைத் திறக்கவில்லை.

அவள் கிளம்பியதும் அவள் பங்குத் துணியும் மற்றவர்கள் தலையில் விழுந்தது. "எங்கக்கா போறீங்க?" என்று ஷபானா கேட்டாள். "சும்மாதான், ஒரு வேலை" என்று சொல்லிவிட்டுத் தாமரை பையை எடுத்துக்கொண்டாள்.

"நாம இங்க வேகணும். அவங்க பாஸோட ஸ்பெஷல் லா," என்று மேற்பார்வையாளர் அமுதவள்ளி எல்லார் காதிலும் விழும்படி சொன்னாள். அந்தச் சொல்லில் வேறு அர்த்தமும் இருந்தது. அதன்பின் தாமரையோடு யாரும் பேசவில்லை. ஷபானாவும்தான்.

ஒருநாள் விரிப்பு உருளையில் முறுக்கிக்கொண்டது. "ஷபானா, புடிம்மா!" என்று தாமரை கத்தினாள். ஷபானா கேட்காதவள்போல் நின்றாள். தனியாக இழுக்கப்போன தாமரையின் வலது கை வெந்துபோனது.

அன்றுதான் கமலநாதன் எல்லாரையும் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னார். அமுதவள்ளிக்கு அழுகை வந்துவிட்டது. "முன்னாடியே சொல்லியிருந்தா நாங்களே மாத்தி மாத்திப் பாத்திருப்போமே பாஸ்!"

ஷபானா கம்போங் மேடானில் இருந்த தாமரையின் அடுக்குமாடி வீட்டுக்கு வந்தாள். உள்ளே வரத் தயங்கினாள்.

"என்கிட்டகூட ஏன்க்கா சொல்லல?"

"பாஸ் சொல்லாதேன்னாரு." தாமரை கட்டுப்போட்ட கையைப் பார்த்தாள். "காரணம் தெரிஞ்சாத்தான் புடிப்பியாம்மா?"

ஷபானா அழுதுகொண்டே படியிறங்கினாள்.

கமலநாதன் எவ்வளவோ கேட்டும் தாமரை வேலைக்குத் திரும்பவில்லை. மழைக்காலத்தில் ஜெயராஜ் இறந்தார். தொழிற்சாலையே திரண்டு வந்தது. வந்தவர்களுக்கெல்லாம் ஷபானாதான் தேநீர் கொடுத்தாள். தாமரை முன்னாலும் ஒரு குவளையை நீட்டி, "அக்கா" என்றாள்.

தாமரை சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டாள்.