காதில் வைத்துப் பார்த்த கடிகாரம்

இன்று காலை ஏழு பத்துக்கு, லோயர் கேம்ப் பேருந்தில் முதலில் கண்ணில் பட்டது முன்னால் நின்றவரின் கைக்கடிகாரம். அதன் நொடிமுள் குதிக்காமல் வழுக்கிக்கொண்டு போனது.

கூடலூரில், இப்போது சாலையாகிவிட்ட இடத்தில், ஒரு கடிகாரக் கடை இருந்தது. பெட்ரோலில் கழுவிய பல்சக்கரங்களின் வாடையும் பக்கத்துக் கிட்டங்கியின் ஏலக்காய் மணமும் கலந்து வீச, சுவர்க் கடிகாரங்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகாமல் அடித்துக்கொண்டே இருக்கும். வருபவர்கள் கைக்கடிகாரத்தைக் காதில் வைத்து, சத்தம் பலமாகக் கேட்டால்தான் அசல் என்பார்கள்.

நிச்சயத்தன்று அக்காவின் மாப்பிள்ளைக்குப் போட்ட, துபாயிலிருந்து அப்பா அனுப்பிய விலையுயர்ந்த கடிகாரத்தை, மாப்பிள்ளையின் தகப்பனார் எங்களையும் வரவழைத்து அங்கேதான் சோதித்தார்.

"சத்தமே இல்லையே. டூப்ளிகேட்டக் குடுத்து ஏமாத்தப் பாக்குறீகளா?"

கடைக்காரர் பின்மூடியைத் திறந்து லென்ஸ் வழியே பார்த்தார். "அசல்தாங்க. நல்ல மெஷினு சத்தமில்லாமத்தான் ஓடும். டூப்ளிகேட்டுலதான் நொடிமுள்ளு குதிக்கும்."

"உங்க ஊர்க்காரகளுக்கு வேற என்ன சொல்லுவீக?" என்றார் மாப்பிள்ளையின் தகப்பனார்.

"அவுக ஏமாத்துறவுக இல்லண்ணே," என்றாள் அம்மா, அப்பாவைச் சொல்லி.

மூன்றாம் நாள், கடிகாரத்தோடு, நிச்சயத்துக்கு நாங்கள் மாப்பிள்ளைக்கு எடுத்த பட்டுவேட்டியும் திரும்பி வந்தது.